பாரிஸ் விமானத்தில் அம்மாவுக்கு ஏன் மூக்கில் ரத்தம் கசிகிறது?

புதுச்சேரியிலிருந்து பாரிஸ் போகும்போதெல்லாம் அம்மாவுக்கு விமானத்தில் மூக்கு எரிந்து லேசாக ரத்தம் கசிகிறது என்கிறீர்கள். காற்றின் வறட்சிதான் காரணமாக இருக்கும். 35,000 அடி உயரத்தில் வெளிக்காற்று மைனஸ் 50 டிகிரி அளவுக்குக் குளிர்ந்தது. நீராவி அதில் ஏறக்குறைய இல்லை. அதையே அழுத்தி, பதப்படுத்தி உள்ளே விடுகிறார்கள். கேபினில் ஈரப்பதம் பெரும்பாலும் 10-20 சதவீதம்தான். கடற்கரைக் காற்றின் 70 சதவீதத்துக்குப் பழகிய மூக்கு என்ன செய்யும்! உள்சவ்வு காய்ந்து வெடிக்கிறது.

உடம்பே வற்றிவிடும் என்பதெல்லாம் மிகை. லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்தும் மூக்கு ஈரமாகாது. மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தை அவ்வப்போது விடட்டும். இதே வறட்சியில் கண்ணும் காயும் என்பதால், கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிடலாம். அப்புறம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் கிளம்பும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள்.