கோல் அடித்தவர் கல்லாவில் உட்கார்ந்தால்: ஊலி ஹோனெஸ் பற்றிக் கேள்வி பதில்

ஓய்வுபெற்ற ஆட்டக்காரர் கிளப் நடத்தினால் உருப்படுமா என்ற பேச்சு வந்தபோது, ஜெர்மனியின் பாயர்ன் மியூனிக் கால்பந்துக் கிளப்பின் ஊலி ஹோனெஸ் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். விடவில்லை நீங்கள். ஜெர்மன் லீகைக் கால் நூற்றாண்டாகப் பார்த்து வருகிறவன் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, இவர் நிஜமாகவே பெரிய ஆட்டக்காரரா? நிர்வாகியான பிறகு வந்த பெயரா?

இருபத்தைந்து வயதுக்குள் வாங்க வேண்டியதையெல்லாம் வாங்கிவிட்டவர் தம்பி. 1972இல் ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பை, 1974இல் உலகக் கோப்பை, 1974, 75, 76 என்று மூன்று வருடம் தொடர்ந்து ஐரோப்பிய கிளப் கோப்பை. 1974இல் பிரஸ்ஸல்ஸில் அட்லெடிகோ மாட்ரிட்டுடன் நடந்த இறுதி ஆட்டம் 1-1. அந்தக் காலத்து விதிப்படி இரண்டு நாள் கழித்து மறுபடி ஆடினார்கள். பாயர்ன் 4-0. இரண்டு கோல் கெர்ட் முல்லர், இரண்டு கோல் ஹோனெஸ். அதில் கடைசி கோலைத் தேடிப் பாருங்கள். பந்தை வாங்கிக்கொண்டு ஓட ஆரம்பிப்பார், பின்னால் வருகிறவர்கள் பேருந்தைத் தவறவிட்டவர்கள் மாதிரி ஓடுவார்கள், கோல்கீப்பரையும் சுற்றிக்கொண்டு போய் வலைக்குள் தள்ளுவார்.

நடுவில் நின்று பொறுக்கி எடுக்கிற ஸ்ட்ரைக்கர் இல்லை இவர். அந்த வேலைக்கு முல்லர் இருந்தார். ஓரத்திலிருந்து வேகத்தில் பிளந்துகொண்டு வருகிற ரகம்.

கேள்வி: பெனால்ட்டியை வானத்துக்கு அடித்தவர் இவர்தானே?

இவரேதான். 1976, பெல்கிரேடு, செக்கோஸ்லோவாக்கியாவுடன் ஐரோப்பியக் கோப்பை இறுதி. ஆட்டம் 2-2. பெனால்ட்டியில் இவர் அடித்த பந்து கம்பத்துக்கு மேலே போய்விட்டது. அடுத்து வந்த பனென்கா பந்தை மெல்லத் தூக்கிப் போட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டார். அந்த அடிக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான்.

இந்த மனிதருக்கும் பெனால்ட்டிக்கும் ஜாதகப் பொருத்தமே கிடையாது. 1974 உலகக் கோப்பையில் போலந்துக்கு எதிராக இவர் அடித்ததை கோல்கீப்பர் தடுத்தார். இறுதி ஆட்டத்தில் ஆரம்பித்த கையோடு க்ரைஃபைக் கீழே தள்ளி நெதர்லாந்துக்குப் பெனால்ட்டி வாங்கிக் கொடுத்ததும் இவர்தான். ஜெர்மனி 2-1 என்று ஜெயித்ததால் பிழைத்தார்.

கேள்வி: அவ்வளவு நல்ல ஆட்டக்காரர் 27 வயதில் ஏன் விட்டார்?

முழங்கால். 1975இல் பாரிஸில் லீட்ஸுடன் ஆடிய இறுதி ஆட்டத்தில் பாதியிலேயே வெளியேறினார். அதற்கப்புறம் பழைய வேகம் திரும்பவில்லை. வேகத்தை நம்பியே பிழைத்தவருக்கு அது போனால் என்ன மிச்சம்? 1978இல் நியூரம்பர்க் கிளப்புக்குத் தற்காலிகமாக அனுப்பினார்கள், அங்கேயும் ஓடவில்லை. 1979 மே 1ஆம் தேதி பாயர்னின் மேனேஜராக நாற்காலியில் உட்கார்ந்தார்.

குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கிலாந்தில் மேனேஜர் என்றால் பயிற்சியாளர். ஜெர்மனியில் அப்போது அந்தப் பெயருக்கு வேறு வேலை: ஆள் வாங்குவது, விற்பது, விளம்பரதாரரைப் பிடிப்பது, சம்பளம் பேசுவது. ஹோனெஸ் தன் வாழ்நாளில் பயிற்சியாளராக இருந்ததே இல்லை.

கேள்வி: சார், நான் கணக்காளர். 27 வயதுப் பையனிடம் எந்தத் தைரியத்தில் கிளப்பைக் கொடுத்தார்கள்? அப்போது நிலைமை என்ன?

நிலைமை மோசம். ஆண்டு வருமானம் சுமார் 1.2 கோடி மார்க் (யூரோவுக்கு முந்தைய ஜெர்மன் பணம்), கடன் சுமார் 70 லட்சம் மார்க். வருமானத்தில் பெரும்பகுதி டிக்கெட் காசு. மழை பெய்தால் கூட்டம் குறையும், கூட்டம் குறைந்தால் சம்பளம் இழுக்கும். பழைய தலைவர் ஆட்டக்காரர்களோடு சண்டை போட்டுக்கொண்டு ராஜினாமா செய்த நேரம் வேறு.

தைரியத்துக்குக் காரணம் உண்டு. ஹோனெஸ் ஆடிக்கொண்டிருந்தபோதே கிளப்புக்கு ஆள் பிடித்தவர். நண்பர் பால் பிரைட்னரை 1978இல் திரும்ப அழைத்துவரப் பணம் இல்லை. ஹோனெஸின் சொந்த ஊர் உல்ம். அங்கே மாகிருஸ் டாய்ட்ஸ் என்று லாரி செய்கிற கம்பெனி. அவர்களிடம் பேசிச் சட்டையில் பெயர் போட வைத்து அந்தப் பணத்தைப் புரட்டினார். உல்மில் இவருடைய பெற்றோர் வைத்திருந்தது கறிக்கடை. கடை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் இருக்கும்: ராத்திரி கல்லாவை எண்ணாமல் தூக்கம் வராது. இவரிடம் நான் பார்ப்பது அதைத்தான்.

மேனேஜரான பிறகு அமெரிக்க விளையாட்டுக் கிளப்புகள் எப்படிச் சம்பாதிக்கின்றன என்று பார்த்து, சட்டை, துண்டு, காபிக் கோப்பை என்று கிளப் பெயரில் விற்க ஆரம்பித்தார். 1984இல் கார்ல்-ஹைன்ஸ் ரும்மெனிகேயை இண்டர் மிலானுக்கு 1 கோடி மார்க்குக்கு மேல் விற்றார். ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருதை இரண்டு முறை வாங்கிய ஆளை விற்பதா என்று கேட்டவர்கள் உண்டு. கடன் தீர்ந்தது. அடுத்த மூன்று சீசனும் லீக் பட்டம் பாயர்னுக்கே.

பிற்பாடு வந்தது இன்னும் பெரிய கணக்கு. கால்பந்துப் பிரிவைத் தனிக் கம்பெனியாக்கினார்கள். அடிடாஸ், அவுடி, அலியான்ஸ் மூன்றுக்கும் தலைக்கு 8.33 விழுக்காடு பங்கு. மீதி 75 விழுக்காடு உறுப்பினர்கள் கையில். 2014இல் அலியான்ஸ் மட்டும் அந்தப் பங்குக்குக் கொடுத்தது 11 கோடி யூரோ. 2005இல் திறந்த மைதானத்தின் கடனை 25 வருடத்தில் அடைப்பதாகத் திட்டம். 2014லேயே அடைத்துவிட்டார்கள். கணக்காளர் நீங்கள், சொல்லுங்கள், எத்தனை கிளப் இப்படிச் செய்திருக்கிறது?

கேள்வி: விமான விபத்தில் தப்பித்தவர் என்று கேள்விப்பட்டேன்.

1982 பிப்ரவரி 17. ஜெர்மனி-போர்ச்சுகல் ஆட்டம் பார்க்க ஹனோவருக்குச் சிறு விமானத்தில் நான்கு பேர் போனார்கள். ஊருக்குப் பக்கத்தில் விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள். பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஹோனெஸ் மட்டும் பிழைத்தார். அடிபட்ட நிலையில் இருட்டில் அலைந்துகொண்டிருந்தவரை வனத்துறை ஆள் ஒருவர் பார்த்துக் காப்பாற்றினார்.

அந்த விபத்துதான் ஆளை மாற்றியது என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு சுலபமாகச் சொல்லத் தோன்றவில்லை.

கேள்வி: திமிர் பிடித்தவர், வாயாடி என்றுதான் மற்ற கிளப் ரசிகர்கள் சொல்கிறார்கள். நீங்கள் போட்டிக் கிளப்பான டார்ட்முண்டின் ரசிகரிடம் கேட்டதுண்டா?

கேட்டதுண்டு, திட்டு வாங்கியதும் உண்டு. ஆனால் அதே டார்ட்முண்ட் 2004 வாக்கில் திவாலாகிற நிலையில் இருந்தபோது, சம்பளம் கொடுக்க 20 லட்சம் யூரோ கடன் கொடுத்தது பாயர்ன். அடமானம் எதுவும் வாங்கவில்லை. விஷயம் வெளியே வரவே பல வருடம் ஆயிற்று. ஹாம்பர்க்கின் சங்க்ட் பவுலி கிளப் 2003இல் மூழ்கப் பார்த்தபோது, காசு வாங்காமல் போய் அங்கே ஆடிக்கொடுத்தார்கள். இரண்டுமே பாயர்னை வெறுக்கிற ரசிகர்கள் உள்ள கிளப்புகள்.

கெர்ட் முல்லர் கதையும் இதோடு சேர்த்தி. அமெரிக்காவில் ஆடிவிட்டுத் திரும்பியவர் குடியில் விழுந்தார். 1991இல் அவரைச் சிகிச்சைக்கு அனுப்பி, பிறகு கிளப்பிலேயே இளையோருக்குப் பயிற்சி தரும் வேலை போட்டுக் கொடுத்ததில் ஹோனெஸுக்குப் பெரிய பங்கு. முல்லர் அந்த வேலையில் பல வருடம் இருந்தார்.

வாய்? அது உண்மைதான், மறுக்கவில்லை. 2007 உறுப்பினர் கூட்டத்தில் மைதானத்தில் உற்சாகமே இல்லை என்று ரசிகர்கள் குறை சொன்னார்கள். மனிதர் முகம் சிவந்துவிட்டது. நீங்கள் 7 யூரோவுக்குத் தெற்கு கேலரியில் நிற்க முடிகிறதென்றால் பெட்டி அறைகளில் உட்காரும் பணக்காரர்களிடம் நாங்கள் காசு கறப்பதால்தான் என்று மேடையிலேயே கத்தினார். 2018இல் பத்திரிகையாளர் சந்திப்பு ஒன்று: பக்கத்தில் உட்கார்ந்த ரும்மெனிகே (முன்பு விற்ற அதே ஆள், அப்போது கிளப்பின் தலைமை நிர்வாகி) மனித மாண்பு பற்றிய அரசியல் சட்டப் பிரிவைச் சொல்லி, எங்கள் ஆட்டக்காரர்களை மரியாதையோடு விமர்சியுங்கள் என்றார். கொஞ்ச நேரத்தில் ஹோனெஸ் மைக்கைப் பிடித்துத் தங்கள் பழைய ஆட்டக்காரர் ஒருவரைக் கண்டபடி திட்டினார். ஊரே சிரித்தது.

கேள்வி: பயிற்சியாளர்களை அடிக்கடி விரட்டினாரா?

விரட்டினார், சிலரைத் திரும்பவும் கூப்பிட்டார். 1991இல் யூப் ஹைன்கெஸை நீக்கியதைத் தன் பெரிய தவறு என்று அவரே ஒப்புக்கொண்டார். அதே ஹைன்கெஸ் திரும்பி வந்து 2013இல் ஒரே சீசனில் மூன்று கோப்பை வாங்கிக் கொடுத்தார். 2001இல் சாம்பியன்ஸ் லீக் வென்ற பயிற்சியாளர் ஒட்மார் ஹிட்ஸ்ஃபெல்டும் ஹோனெஸும் 1972 ஒலிம்பிக்கில் ஒரே அணியில் ஆடியவர்கள். ஹைன்கெஸையும் சேர்த்து மூவருமே முன்களத்து ஆட்கள் என்பது எனக்குப் பிடித்த துணுக்கு.

கேள்வி: இவ்வளவு புகழ்கிறீர்களே, வரி ஏய்ப்பு பற்றி ஒரு வார்த்தை இல்லையே? ரசிகர் என்பதால் மறைக்கிறீர்களா?

மறைக்கவில்லை, முறைப்படி வருகிறேன். கிளப் பணத்தில் ஒரு பைசா விஷயத்தில் கறாராக இருந்தவர், சொந்தப் பணத்தில் சூதாடியிருக்கிறார். சூரிச்சில் ஒரு வங்கிக் கணக்கு. அதில் ராப்பகலாக நாணயச் சந்தையில் விளையாட்டு. லாபத்துக்கு ஜெர்மனியில் வரி கட்டவில்லை. 2013 ஜனவரியில் தானே வரித்துறைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே முழு விவரத்தைத் தானாகக் கொடுத்தால் தண்டனையிலிருந்து தப்பிக்கச் சட்டத்தில் இடம் இருந்தது. ஆனால் இவர் கொடுத்தது அரைகுறை, செல்லவில்லை.

2014 மார்ச்சில் மியூனிக்கில் வழக்கு. குற்றப்பத்திரிகையில் இருந்தது 35 லட்சம் யூரோ. முதல் நாளே 1.85 கோடி என்று இவரே சொன்னார். தீர்ப்பில் 2.85 கோடி! நான்கு நாள் விசாரணை, மூன்றரை வருடத் தண்டனை. மேல்முறையீடு செய்யவில்லை. மறுநாளே கிளப் தலைவர் உட்பட வகித்த பதவிகளை விட்டார். ஜூன் 2ஆம் தேதி லண்ட்ஸ்பெர்க் சிறைக்குப் போனார். 2015 ஜனவரியிலிருந்து பகலில் வெளியே வந்து பாயர்னின் இளையோர் பிரிவில் வேலை, ராத்திரி சிறை. 2016 பிப்ரவரி 29இல் விடுதலை.

தண்டனை சரிதான் என்பது என் கருத்து. இன்னும் கூட்டியிருக்கலாம் என்கிறவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை.

கேள்வி: ஜெயிலுக்குப் போனவரையே மறுபடி தலைவராக்கினார்களாமே! அங்கேயும் நம்ம ஊர் மாதிரிதானா?

அதே வருடம் நவம்பரில், உறுப்பினர்கள் பெருவாரியாக வாக்களித்து. ஒன்று கவனியுங்கள்: கிளப் பணத்தில் கை வைத்தார் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. தண்டனை அனுபவித்தாயிற்று, வரியை வட்டியோடு கட்டியாயிற்று என்பது அவர்கள் வாதம். நான் அங்கே உறுப்பினராக இருந்திருந்தால் ஓட்டுப் போட்டிருக்க மாட்டேன். கௌரவத் தலைவராக வைத்திருந்தால் போதும். கடைசியில் 2019இல் அடிடாஸின் முன்னாள் தலைவர் ஹெர்பர்ட் ஹைனரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு அப்படித்தான் ஆனார், மேற்பார்வைக் குழு இடத்தை மட்டும் விடவில்லை.

கேள்வி: 2008இல் கொல்கத்தாவில் பாயர்ன் கோல்கீப்பர் ஆலிவர் கானின் விடைபெறும் ஆட்டங்களில் ஒன்றை நேரில் பார்த்தவன் நான். அவரும் பாயர்ன் நிர்வாகத்துக்கு வந்தாரே, ஏன் நிலைக்கவில்லை?

கொடுத்து வைத்தவர் ஐயா நீங்கள்! சால்ட் லேக் மைதானம், மோகன் பகான், லட்சம் பேருக்கு மேல் கூட்டம். கான் 2021இல் ரும்மெனிகேயிடமிருந்து தலைமை நிர்வாகி பொறுப்பை வாங்கினார். ஹோனெஸ் 27 வயதில், ஆடிய கால் ஆறுவதற்குள் நாற்காலிக்கு வந்தவர், இருபது பேர் வேலை செய்த இடத்தைத் தானே வளர்த்தார். கானுக்குக் கிடைத்தது வளர்ந்து முடிந்த பெரிய கம்பெனி, மேலே மேற்பார்வைக் குழுவில் அதே ஹோனெஸ். இரண்டு வருடம்கூட முழுதாக ஓடவில்லை. 2023 மே 27, கொலோனில் கடைசி நிமிடங்களில் பாயர்னின் முசியாலா கோல் அடித்து லீக் பட்டம் வந்தது. கானை நீக்கிய செய்தியும் அன்றைக்கே வந்தது. கோப்பையைத் தூக்கிய இடத்தில் அவர் இல்லை.