தடைக்காலமும் அடுப்படியும்

அன்புள்ள அக்கா,

மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். ‘கடல் ஓய்வெடுக்கும் மாதங்கள்’ என்று அதில் ஒரு வரி வருகிறது. கடல் ஓய்வெடுக்கட்டும். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு இருந்த கொஞ்சநஞ்ச ஓய்வும் போய்விட்டது.

எங்கள் ஊர் ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடம். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். முன்பெல்லாம் ஏப்ரலில் தடை தொடங்கியதும் கேரளத்துக்குப் போய் அங்கே படகில் வேலை பார்த்துவிட்டு வருவார். முட்டிவலி வந்த பிறகு போகவில்லை. இப்போது 61 நாளும் வீட்டில்தான். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து எல்லோரையும் எழுப்பிவிடுகிறார். எதற்கு இரண்டு சோப்பு, கேஸ் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது, போனில் யார் என்று ஓயாத கேள்வி. அரிசி டப்பாவைக்கூட இடம் மாற்றி வைத்துவிட்டார். அம்மா கடல்பாசி கட்டும் வேலைக்குப் போய்விட்டு வந்து சமைக்கும்வரை திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது.

நான் ராமநாதபுரத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். இரவு பஸ்ஸிலிருந்து இறங்கினால் அப்பா நிறுத்தத்தில் வந்து நிற்கிறார். கூட வரும் பெண்கள் சிரிக்கிறார்கள். இதற்கு நடுவில், அம்மா மகளிர் குழுவில் வாங்கிய கடன் அப்பாவுக்குத் தெரியாது. தவணை வாங்க ஆள் வருகிற நாளில் அம்மாவுக்குக் கை நடுங்குகிறது. தடை முடிந்து ஜூன் 15 சீக்கிரம் வரவேண்டும் என்று அந்தோணியாரிடம் வேண்டிக்கொண்டிருக்கிறார். அப்பாவை எப்படிச் சமாளிப்பது?

என் பெயரைப் போடவேண்டாம்.

*

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும் நம்புகிறேன், ஒரு வரியைத் தவிர. வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதா? விசைப்படகில் போகிறவருக்கா?

ராமேஸ்வரத்துப் படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரம் மூன்று நாள் தொழிலுக்குப் போகின்றன. இன்று போனால் நாளைக் காலையில்தான் கரை. அதுவரைக்குமான சோறு வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் போவதில்லை. படகிலேயே அடுப்பு உண்டு. அரிசி, புளி, மிளகாய்ப்பொடி உண்டு. மீனுக்குக் கேட்கவே வேண்டாம். ஆடுகிற பலகையின் மேல் நின்று, கொதிக்கிற சட்டியைச் சிந்தாமல் இறக்கி, ஐந்தாறு பேருக்குப் பரிமாற வேண்டும். நம்மில் எத்தனை பேரால் முடியும்? சின்ன வயதில் படகேறுகிற பையனிடம் முதலில் தள்ளிவிடப்படும் வேலைகளில் சமையலும் ஒன்று. உங்கள் அப்பா எந்த வயதில் படகேறினார், அப்போது குழம்பு வைத்தது யார் என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.

படகுக்காரர்கள் கடல் குழம்பைப் பற்றிப் பேசி நான் கேட்டிருக்கிறேன். தேங்காய் அரைக்கிற வேலை இல்லை, தாளிப்பு இல்லை, வலையிலிருந்து எடுத்த மீன் நேரே சட்டிக்குப் போகிறது, அந்த ருசி கரையில் வராது என்பார்கள். கரையில் வராததற்குக் காரணம், கரைக்கு வந்ததும் இவர்கள் அடுப்புப் பக்கம் போவதில்லை என்பதுதான்!

ஏன் போவதில்லை என்று கேட்டால் சோம்பல் என்று சொல்லிவிடலாம். மூன்று மணிக்கு எழுகிற மனிதரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படகில் வேடிக்கை பார்க்க ஆள் கிடையாது. கூட இருக்கிற எல்லோரும் அதே சட்டியில் சாப்பிடுகிறவர்கள். ஊருக்குள் அப்படி இல்லை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். உங்கள் அப்பா வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்வதை எதிர்வீட்டுப் பாட்டி பார்த்தால், பொழுது சாய்வதற்குள் செய்தி படகுத்துறைக்குப் போய்விடும். ‘பெண்டாட்டி பாசிக்குப் போகிறாள், இவர் வீட்டில் சட்டி கழுவுகிறார்’ என்று ஒருவன் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்கு அஞ்சித்தான் பெரிய பெரிய ஆண்பிள்ளைகள் பசியோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஊர்ப் பேச்சு கல்லில் வெட்டியது இல்லை. உங்கள் அம்மாவைக் கேட்டால் தெரியும். நம் பக்கத்தில் ‘பெப்சி பாசி’ என்று இன்றும் சொல்கிறார்களே, அந்தப் பாசி வளர்ப்பைப் பெப்சி நிறுவனம் 2000-களின் தொடக்கத்தில் இங்கே கொண்டுவந்தது. மூங்கில் மிதவையில் கயிறு கட்டி, கயிற்றில் பாசித் துண்டுகளைக் கட்டி விட்டால் 45 நாளில் அறுப்பு. பெண்கள் புடவைக்கு மேல் வீட்டு ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். நனைந்த சேலையோடு கரையேறி வருகிறார்களே என்று அப்போதும் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். மாதாமாதம் கையில் பணம் வரத் தொடங்கியதும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. இப்போது அந்தச் சட்டையைப் பார்த்து யாராவது சிரிக்கிறார்களா? தீவு ஓரங்களில் மூச்சடக்கி மூழ்கி இயற்கைப் பாசி எடுக்கும் சின்னப்பாலத்துப் பெண்களில் ஒருவரான லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி என்ற சர்வதேசச் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. ஊரே பெருமைப்பட்டது. காசும் பெயரும் வந்தால் ஊர் எதையும் பழகிக்கொள்ளும். அப்பா வைக்கிற குழம்பால் காசும் வராது, விருதும் வராது. அதனால் நீங்கள்தான் கொஞ்சம் தந்திரம் செய்யவேண்டும்.

தந்திரத்துக்குப் போகுமுன் சோப்புக் கணக்கை முடித்துவிடுகிறேன். தமிழ்நாட்டில் இந்தத் தடை 2001இல் வந்தபோது 45 நாள். 2017இல் 61 ஆனது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுகிற காலம், அதனால் தடை வேண்டும்தான்; மீனவர்களிலேயே பலர் அதை ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அரசு தரும் நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 61ஆல் வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 131 ரூபாய். படகு முதலாளியாவது படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, வர்ணம் அடிப்பது என்று ஏதாவது பார்த்துக்கொண்டிருப்பார். கூலிக்குப் போகிறவருக்கு வலை சரிசெய்கிற வேலை கொஞ்ச நாளைக்கு இருக்கும், அதற்கு மேல் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவேண்டியதுதான். சம்பாதிக்க முடியாதவர் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார். சோப்பையும் கேஸையும் அவர் எண்ணட்டும், விட்டுவிடுங்கள். அரிசி டப்பாவை இடம் மாற்றியதற்கு மட்டும் மன்னிப்புக் கிடையாது.

(என் வீட்டுக்காரர் பணி ஓய்வு பெற்றவர். அதாவது எங்கள் வீட்டுத் தடைக்காலத்துக்கு ஜூன் 15 என்று ஒன்று இல்லை. ஓய்வு பெற்ற புதிதில் மளிகை டப்பாக்களுக்கெல்லாம் அழகான கையெழுத்தில் பெயர் எழுதி ஒட்டினார். துவரம்பருப்பு டப்பாவில் கடலைப்பருப்பு என்று இருந்தது. இன்னும் இருக்கிறது.)

இனி தந்திரம். ‘அம்மாவுக்குக் கொஞ்சம் உதவி செய்யுங்கள்’ என்று தவறியும் சொல்லாதீர்கள். உதவி என்று வந்துவிட்டால் வேலை அம்மாவுடையதுதான் என்று ஆகிவிடும். அவர் நாலு வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டு, கத்தி எங்கே, தட்டு எங்கே, அடுத்து என்ன என்று அம்மாவின் உயிரை எடுப்பார். வாரத்தில் இரண்டு இரவுச் சாப்பாட்டை முழுசாக அவரிடம் விட்டுவிடுங்கள். மீன் வாங்குவதிலிருந்து சட்டி கழுவிக் கவிழ்ப்பதுவரை.

மீன் வாங்குவதில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகுகள் போய்வருகின்றன. வரத்துக் குறைவாக இருப்பதால் விலை ஏறியிருக்கும். இப்போது பேரம் பேச உங்கள் வீட்டில் அவரைவிடத் தகுதியான ஆள் யார்? செவுளைத் தூக்கிப் பார்த்தே இது இன்றைய மீனா, ஐஸில் கிடந்த மீனா என்று சொல்லிவிடுவார். கரையில் நின்று ஓராவுக்கோ விளைமீனுக்கோ விலை பேசுவது ஊர்க் கண்ணுக்கு ஆண்பிள்ளை வேலைதான். வாங்கி வந்ததை, ‘நீங்கள் கடலில் வைக்கிற மாதிரி ஒருநாள் வைத்துக் காட்டுங்கள்’ என்று நீங்கள் கேளுங்கள். அம்மா கேட்கக்கூடாது. அம்மா கேட்டால் குத்திக்காட்டுவது போல் அவருக்குப் படும். மகள் கேட்டால் மறுக்க மாட்டார். எதிர்வீட்டுப் பாட்டிக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புங்கள். சாப்பிட்ட வாய் அதிகம் பேசாது.

அந்த நேரத்தில் அம்மா அடுப்படிப் பக்கம் எட்டிப்பார்க்காமல் இருப்பது முக்கியம். எண்ணெய் கூடுதலாகத்தான் ஊற்றுவார். காரமும் தூக்கலாக இருக்கும். படகு ஆட்களுக்கு ஆக்கிப் பழகிய கை, வீட்டு அளவுக்கு வரக் கொஞ்ச நாள் பிடிக்கும். மிஞ்சினால் காலையில் பழைய சோற்றுக்கு ஆயிற்று.

கடன் விஷயம் வேறு. அதில் தந்திரம் வேண்டாம். அப்பாவிடம் நீங்கள் சொல்லாதீர்கள், அம்மாவே சொல்லட்டும். ஆனால் தவணைக்காரர் வாசலில் வந்து சொல்வதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். அம்மா பயப்படுகிற அளவுக்கு அது பெரிய பூகம்பமாக இருக்காது என்று நினைக்கிறேன். படகில் போகிறவர்களில் பலர் முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். அதைத் தீர்க்காமல் வேறு படகுக்கு மாறவும் முடியாது. உங்கள் அப்பாவுக்கும் அப்படி ஒன்று இருக்கலாம், அது அம்மாவுக்குத் தெரியாமலும் இருக்கலாம். யாரோ ஒருவருடைய கடைக்குத் தினமும் கணக்கு எழுதுகிறீர்களே, வீட்டுக்கென்று ஒரு நோட்டுப் போடுங்கள். ஒரு பக்கத்தில் குழுக் கடன், எதிர்ப் பக்கத்தில் முன்பணம். இரண்டு பேரையும் உட்காரவைத்து எழுதுங்கள். கொஞ்சம் சத்தம் வரும். வரட்டும்.

பஸ் நிறுத்தத்துக்கு வருகிறார் என்று எழுதியிருந்தீர்கள். உங்களைக் கண்காணிக்க வருகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. தடைக்காலத்தில் டீக்கடைக்குப் போனால் கணக்கு ஏறும், துறைக்குப் போனால் கட்டிக்கிடக்கும் படகைப் பார்க்கவேண்டும். அந்த நேரத்தில் செலவில்லாமல் போய் நிற்க அவருக்கு வேறு இடம் இல்லை. இத்தனை வருடமும் நீங்கள் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறீர்கள் என்பதே அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பாதி நாள் அவர் கடலில் இருந்தார். வெட்கமாக இருந்தால் பையை அவர் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்துவிடுங்கள். சிரிக்கிற பெண்களின் அப்பாக்களும் நாளைக்கே வந்து நிற்கக்கூடும். தடை எல்லோருக்கும்தான்.

குழம்பு எப்படி வந்தது என்று அவசியம் எழுதுங்கள். புளி எவ்வளவு, எப்போது ஊற்றினார் என்பதையும் சேர்த்து. எங்கள் வீட்டிலும் ஓர் ஆளைப் பழக்கவேண்டியிருக்கிறது.

அன்புடன்,
அக்கா