'வந்தால்' என்பது எந்தக் காலம்? ஏற்றுமதிக் கடிதத்தில் 'வில்', 'வுட்', 'ஹேட்'

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனித்துக்கொள்பவராகப் பணிபுரியும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். சாயப்பட்டறையிலிருந்து துணி தாமதமாக வந்ததால் ஒரு ஷிப்மெண்ட் தள்ளிப்போய்விட்டது. அதை விளக்கியும் அடுத்த ஆர்டரைப் பற்றிக் கேட்டும் வெளிநாட்டுப் பையருக்கு (சரக்கை வாங்குபவருக்கு) அவர் அனுப்பிய மின்னஞ்சலில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. 'இஃப் த ஃபேப்ரிக் வுட் ஹேவ் கம் ஆன் டைம், வி வுட் ஹேவ் ஷிப்ட் லாஸ்ட் வீக்' என்பது ஒன்று. 'இஃப் யூ வில் அப்ரூவ் த சாம்பிள் டுமாரோ, வி வுட் ஸ்டார்ட் கட்டிங் ஆன் மண்டே' என்பது மற்றொன்று. திங்கட்கிழமை தொடங்குவீர்களா, மாட்டீர்களா என்று ஒற்றை வரியில் பதில் வந்ததாம். 'வுட்' போட்டால்தான் மரியாதை என்கிறார் அவருடைய மேலாளர். 'இஃப்' வரும் இடத்தில் 'வில்', 'வுட்' வரக்கூடாது என்று கல்லூரியில் கேட்டது அவருக்கே அரைகுறையாக நினைவிருக்கிறது. எதைப் பின்பற்றுவது, ஏன் என்பது கேள்வி. கூடவே, பையர் அனுப்பிய ஆர்டர் படிவத்தில் 'ஷுட் த கூட்ஸ் பி டிலேய்ட்' என்று தொடங்கும் ஒரு வரிக்கும் பொருள் கேட்டிருக்கிறார்.

இரண்டு வாக்கியங்களையும் முதலில் திருத்தித் தந்துவிடுகிறேன். இன்றே பதில் அனுப்ப வேண்டியவர்களுக்கு அது உதவும். முதலாவது 'இஃப் த ஃபேப்ரிக் ஹேட் கம் ஆன் டைம், வி வுட் ஹேவ் ஷிப்ட் லாஸ்ட் வீக்' என்றும், இரண்டாவது 'இஃப் யூ அப்ரூவ் த சாம்பிள் டுமாரோ, வி வில் ஸ்டார்ட் கட்டிங் ஆன் மண்டே' என்றும் இருக்க வேண்டும். காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் இவற்றை மனப்பாடம் செய்தால் மூன்றாவது வாக்கியத்தில் மீண்டும் அதே இடத்தில்தான் வந்து நிற்போம் என்பதால், கொஞ்சம் பொறுமையாக உள்ளே போவோம்.

காரணம் தமிழிலிருந்தே தொடங்குகிறது. 'வந்தால்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். வந்தேன், வந்தாய், வந்தார் என்பவற்றில் உள்ள அதே இறந்தகால அடியோடு 'ஆல்' சேர்ந்துதான் 'வந்தால்' ஆகியிருக்கிறது. ஆனாலும் 'நாளைக்கு மழை வந்தால்' என்று ஒருவர் சொல்லும்போது அவர் நேற்றைய மழையைப் பற்றிப் பேசுவதாக யாரும் எண்ணுவதில்லை. கொங்குப் பேச்சில் இது இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரியும்: 'நாளைக்கு வந்தீங்கன்னா பேசிக்கலாமுங்க' என்பதில் 'வந்தீங்க' என்ற முழு இறந்தகால வினைமுற்றே நிற்கிறது, அதற்குப் பக்கத்திலேயே 'நாளைக்கு' என்ற சொல்லும் சண்டை போடாமல் உட்கார்ந்திருக்கிறது. பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று கொங்கு மக்கள் உரிமை கொண்டாடும் பவணந்தி முனிவர், தம் நன்னூலில் 'செயின்' என்னும் வாய்பாட்டு வினையெச்சத்தை எதிர்காலத்துக்குரியவற்றோடு வைத்தார். 'மழை பெய்யின்' என்று அன்று சொன்ன இடத்தில் இன்று 'மழை பெய்தால்' என்கிறோம். வடிவம் இறந்தகாலத்தின் பக்கம் போய்விட்டது, பொருள் எதிர்காலத்திலேயே இருக்கிறது. ஆகவே, நிபந்தனை சொல்லும்போது இறந்தகால வடிவம் இறந்தகாலத்தைக் குறிக்க வேண்டியதில்லை என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல. பிறந்ததிலிருந்து நாம் பேசிவருவதுதான்.

ஆங்கிலமும் நிபந்தனை வாக்கியத்தில் இறந்தகால வடிவத்தைக் கடன் வாங்குகிறது. ஆனால் எல்லா நிபந்தனைக்கும் வாங்குவதில்லை, பேசுகிறவர் உண்மையிலிருந்து விலகி நிற்கும்போது மட்டுமே வாங்குகிறது. தமிழ் மாணவர்கள் இடறும் இடம் இதுதான். 'அவர் வந்தால் கொடுப்பேன்' என்ற ஒரே வாக்கியத்தை, அவர் வரக்கூடும் என்று நினைத்தும் சொல்லலாம், வரப்போவதில்லை என்று தெரிந்தும் சொல்லலாம். வேறுபாட்டைக் குரலும் சூழலும் சுமந்துகொள்ளும். ஆங்கிலத்தில் அதை வினைச்சொல்லே சுமக்க வேண்டும். வரக்கூடும் என்று நினைத்தால் 'இஃப் ஹி கம்ஸ், ஐ வில் கிவ்'. வெறும் கற்பனையாகச் சொன்னால் 'இஃப் ஹி கேம், ஐ வுட் கிவ்'. இரண்டும் நாளைக்குரியவைதாம். 'கம்ஸ்' என்பதிலிருந்து 'கேம்' என்பதற்கும், 'வில்' என்பதிலிருந்து 'வுட்' என்பதற்கும் வினை ஒரு படி பின்னால் நகர்கிறது. அந்த ஒரு படி காலத்தில் நகர்வதன்று, நம்பிக்கையில் நகர்வது.

எனவே வாக்கியத்தை எழுதுமுன் எந்தக் காலம் என்று கேட்பதற்கு முன்னால், இது நடக்கக்கூடியது என்று நான் பையரிடம் காட்டிக்கொள்ள விரும்புகிறேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாசகியின் இரண்டாவது வாக்கியத்தில் சாம்பிளுக்கு நாளை அப்ரூவல் கிடைக்கும் என்பது நடக்கக்கூடியது, அவர் எதிர்பார்ப்பதும் அதுவே. ஆகவே படி இறங்கத் தேவையில்லை: 'இஃப்' பகுதியில் நிகழ்காலம், விளைவுப் பகுதியில் 'வில்'. அவர் பாதி வாக்கியத்தை ஒரு படியிலும் மீதியை இன்னொரு படியிலும் நிறுத்திவிட்டதால், பையருக்கு அது உறுதிமொழியாகவும் கேட்கவில்லை, கற்பனையாகவும் கேட்கவில்லை. அவர் திரும்பக் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

இந்தப் படியை வேண்டுமென்றே பயன்படுத்தும் இடமும் உண்டு, அது விலை பேசும் இடம். 'இஃப் யூ இன்க்ரீஸ் த குவான்டிட்டி, வி வில் ரெட்யூஸ் த பிரைஸ்' என்று எழுதினால், எண்ணிக்கையைக் கூட்டிய மறுநாளே விலையைக் குறைக்க நீங்கள் கட்டுப்பட்டவர் என்று பையர் எடுத்துக்கொள்ளலாம். 'இஃப் யூ இன்க்ரீஸ்ட் த குவான்டிட்டி, வி வுட் ரெட்யூஸ் த பிரைஸ்' என்றால் அது ஆழம் பார்ப்பது. நாங்கள் அப்படியும் யோசிக்கக்கூடும் என்று சொல்லி, பின்வாங்க ஓர் அடி இடம் வைத்துக்கொள்வது. இலக்கணப்படி இரண்டும் சரி. எது வேண்டும் என்பதை முதலாளியிடம் கேட்டுக்கொண்டு எழுதுங்கள், ஏனென்றால் இங்கே வினைவடிவம் லாப நட்டக் கணக்கின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

கற்பனையில் 'பி' வினைச்சொல் மட்டும் கொஞ்சம் தனி. 'இஃப் ஐ வேர் யூ', 'இஃப் த பிரைஸ் வேர் லோயர்' என்று, 'வாஸ்' வர வேண்டிய இடத்திலும் 'வேர்' வருவது எழுத்தில் மதிப்பான வழக்கு. பேச்சில் 'வாஸ்' தாராளமாகப் புழங்குகிறது. கடிதத்தில் 'வேர்' எழுதிவிடுங்கள், யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

இனி, நடந்து முடிந்துவிட்டதை மாற்றிக் கற்பனை செய்யும் வாக்கியம். உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது, வாசகியின் முதல் வாக்கியமும் இந்த வகைதான். துணி தாமதமாக வந்துவிட்டது. 'நேரத்துக்கு வந்திருந்தால்' என்பது நடக்காத ஒன்று. செய்தியே இறந்தகாலத்தில் இருப்பதால், அதிலிருந்து இன்னும் ஒரு படி பின்னால் போக வேண்டும்: 'கேம்' என்பது 'ஹேட் கம்' ஆகிறது, விளைவு 'வுட் ஹேவ் ஷிப்ட்' ஆகிறது. 2011 ஜனவரியில் நொய்யல் மாசுபாட்டு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அந்த நாட்களில் துணியை வெளியூருக்குச் சாயமேற்ற அனுப்பிய ஒரு நிறுவனம் அதைப் பின்னாளில் விளக்கினால், 'இஃப் த டையிங் யூனிட்ஸ் ஹேட் நாட் பீன் க்ளோஸ்ட், வி வுட் நாட் ஹேவ் சென்ட் த ஃபேப்ரிக் அவுட்சைட்' என்று எழுதும். மூடியது உண்மை, அனுப்பியதும் உண்மை. வாக்கியம் இரண்டையும் மறுத்துப் பார்க்கிறது.

அப்படியிருக்க, 'இஃப்' பக்கத்திலும் 'வுட் ஹேவ்' போடத் தமிழர் கை ஏன் தானாகப் போகிறது? கோவையில் பல ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தபோது விடைத்தாள்களில் இந்தப் பிழையைத்தான் அதிகம் திருத்தியிருப்பேன். என் கணிப்பில் காரணம் நம் வாக்கியத்தின் அமைப்பே. 'வந்திருந்தால் அனுப்பியிருப்போம்' என்பதில் இரண்டு பக்கமும் 'இரு' என்ற துணைவினை நிற்கிறது. தராசின் இரண்டு தட்டிலும் ஒரே எடைக்கல் போல. அந்தச் சமன்பாட்டை ஆங்கிலத்திலும் தேடும் மனம் இரண்டு பக்கமும் 'வுட் ஹேவ்' வைத்துவிடுகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலும், குறிப்பாக அமெரிக்கப் பேச்சில், 'இஃப் ஐ வுட் ஹேவ் நோன்' என்பதைக் கேட்கலாம். ஆயினும் எழுத்தில் அது பிழையாகவே கொள்ளப்படுகிறது.

'வந்திருந்தால்' என்பதில் இன்னொரு கண்ணியும் உண்டு. 'பார்சல் வந்திருந்தால் குடோனில் இருக்கும்' என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வந்ததா இல்லையா என்று அவருக்குத் தெரியாது, போய்ப் பார்க்கச் சொல்கிறார். இங்கே கற்பனை எதுவும் இல்லை, ஆகவே 'இஃப் த பார்சல் ஹேஸ் கம், இட் வில் பி இன் த குடோன்'. அதே சொற்களை, பார்சல் வரவே இல்லை என்று தெரிந்துகொண்டு, வந்திருந்தால் இங்கே இருக்குமே, காணோமே என்ற தொனியில் சொன்னால், 'இஃப் த பார்சல் ஹேட் கம், இட் வுட் பி இன் த குடோன்'. 'வந்திருந்தால்' என்றாலே 'ஹேட் கம்' என்று மொழிபெயர்க்கப் பழகியவர், முதல் சூழலில் பையருக்குத் தவறான செய்தியை அனுப்பிவிடுவார்: ஆவணங்கள் உங்களுக்கு வந்திருந்தால் தெரிவியுங்கள் என்று எழுத நினைத்து, அவை வரவில்லை என்று தாமே ஒப்புக்கொண்டதுபோல் எழுதிவிடுவார்.

மேலே உள்ள வாக்கியத்தில் 'ஹேட் கம்' என்பதற்கு இணையாக 'வுட் ஹேவ்' வராமல் 'வுட் பி' வந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்று பாடப்புத்தகங்கள் எண் போட்டுப் பிரிப்பது தேர்வுக்கு உதவும். ஆனால் ஒவ்வொரு வகையும் பூட்டிய பெட்டி என்ற எண்ணத்தையும் அது கொடுத்துவிடுகிறது. நிபந்தனைக்கு ஒரு காலம், விளைவுக்கு இன்னொரு காலம் இருக்கலாம். பவானிசாகர் அணை 1955இல் கட்டி முடிக்கப்பட்டது. அதிலிருந்து செல்லும் கீழ்பவானி வாய்க்கால் 2,07,000 ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. 'இஃப் த டேம் ஹேட் நாட் பீன் பில்ட், தீஸ் ஃபீல்ட்ஸ் வுட் பி டிரை டுடே' என்பதில், கட்டாமல் விட்டிருந்தால் என்பது பழைய கதை, காய்ந்து கிடக்கும் என்பது இன்றைய நிலை. ஒவ்வொரு பகுதியும் எந்தக் காலத்தது என்று தனித்தனியே பார்த்து, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்திலிருந்து ஒரு படி பின்னுக்கு நகர்த்தினால் போதும். வகை எண் நினைவில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. 'உப்பு கூடினால் சாயம் நன்றாக ஏறும்' போன்ற பொது உண்மைகளுக்கு இரண்டு பக்கமும் நிகழ்காலம் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

மேலாளரின் 'வுட்' மரியாதைக்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நம் ஊரில் 'ங்க' செய்யும் வேலையில் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் 'வுட்', 'குட்' ஆகியவை செய்கின்றன. 'குட் யூ சென்ட்', 'வி வுட் லைக்' என்று கேட்கும்போது, ஒரு படி பின்னால் நின்று கேட்பதால் அது பணிவாகிறது. ஆனால் 'ங்க'வை எந்தச் சொல்லோடும் ஒட்டலாம். 'அனுப்பிடறோமுங்க' என்றால் வாக்குறுதி கொஞ்சமும் தளர்வதில்லை. 'வுட்' அப்படியன்று. 'வி வுட் ஷிப் ஆன் மண்டே' என்று மட்டும் எழுதினால், ஆங்கிலம் படிப்பவரின் காதில் ஒரு நிபந்தனை தொங்கிக்கொண்டே இருக்கும்: அனுப்புவோம், ஆனால் ஏதோ ஒன்று தடுக்கிறது. கேட்கும்போது 'வுட்' வைத்துக்கொள்ளுங்கள். தேதி கொடுக்கும்போது 'வில்' எழுதுங்கள்.

'இஃப்' பகுதியில் 'வில்', 'வுட்' வரவே கூடாது என்ற விதிக்கும் விலக்கு உண்டு. 'இஃப் யூ வுட் சைன் ஹியர்' என்பதில் 'வுட்' எதிர்காலம் காட்டவில்லை. தயவுசெய்து கையெழுத்திட இசைவீர்களானால் என்ற இசைவைக் காட்டுகிறது. அந்தப் பொருள் வேண்டாத இடத்தில் விதியை அப்படியே பின்பற்றுங்கள். 'வென்', 'அன்டில்', 'ஆஸ் சூன் ஆஸ்' ஆகியவற்றுக்குப் பின்னும் எதிர்காலச் செய்தி நிகழ்கால வடிவில்தான் வரும்: 'வி வில் இன்ஃபார்ம் யூ வென் த கூட்ஸ் ரீச் தூத்துக்குடி'. 'விஷ்' என்பதும் இதே படிக்கட்டில் இறங்குவதுதான். இன்றைய ஏக்கத்துக்கு 'ஐ விஷ் வி ஹேட் மோர் டைம்', நேற்றைய வருத்தத்துக்கு 'ஐ விஷ் வி ஹேட் செக்ட் எர்லியர்'.

கடைசியாக அந்த ஆர்டர் படிவத்து வரி. 'ஷுட் த கூட்ஸ் பி டிலேய்ட்' என்பதை, சரக்கு தாமதமாக வேண்டும் என்று கட்டளையிடுவதாக எண்ணிக் குழம்ப வேண்டாம். 'இஃப்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, துணைவினையை வாக்கியத்தின் தலைக்குக் கொண்டுவரும் சட்ட நடை இது. 'சரக்கு தாமதமாக நேர்ந்தால்' என்பதே பொருள். 'ஹேட் வி நோன்', 'வேர் த பையர் டு கேன்சல்' ஆகியவையும் இதே அச்சில் வார்த்தவைதாம். அந்த 'ஷுட்' வரியை அடுத்து, தாமதமான சரக்கை விமானத்தில் அனுப்பும் கட்டணத்தை யார் செலுத்துவது என்பது 'ஷல்' அல்லது 'வில்' போட்டு எழுதப்பட்டிருக்கும். அங்கே 'வுட்' இருக்காது. அதைக் கையெழுத்திடுமுன் உங்கள் மேலாளரிடம் விரல் வைத்துக் காட்டுங்கள்.