60 சென்ட் தக்காளி: குச்சியா, கூண்டா, கயிறா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் 60 சென்டில் வீரிய ஒட்டுத் தக்காளி நட்டு 22 நாள் ஆகிறது. மல்ச்சிங் ஷீட்டும் சொட்டுநீரும் போட்டிருக்கிறேன். பாருக்குப் பார் 5 அடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி. போன ஐப்பசி மழையில் செடி சாய்ந்து அடிக்காய் பூராவும் அழுகிப்போனது. செடிக்கு ஒரு குச்சி நடச் சொல்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். கம்பிக்கூண்டு போடலாம் என்று வீடியோவைக் காட்டுகிறான் என் மகன். எது சரி? பக்கக் கிளைகளைக் கிள்ள வேண்டுமா?

பதில்: வணக்கம் ஐயா. உங்கள் நிலத்துக்கு இரண்டுமே வேண்டாம். வரிசையில் கால் (ஊன்றுகழி) நட்டு, செடிக்கு இருபுறமும் கயிறு ஓட்டிக் கட்டுங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 சென்ட் என்பது சுமார் 26,100 சதுர அடி. 5 அடிப் பார் என்றால் வரிசைகளின் மொத்த நீளம் 5,200 அடி, செடி ஏறக்குறைய 3,500. செடிக்கு ஒன்று என்று போனால் 3,500 குச்சி. 8 அடிக்கு ஒரு கால் என்றால் 650 போதும், முனைகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். பணம் ஒருபுறம் இருக்கட்டும், அத்தனை குச்சியை அடிக்க இன்றைக்கு ஆள் கிடைக்குமா?

கூண்டு மாடித்தோட்டத்துக்கு நல்ல பொருள்தான். 5 அடி நீள வெல்டு மெஷை வளைத்துக் கட்டினால் ஒன்றரை அடிக்குச் சற்றே மேலான அகலத்தில் கூண்டு கிடைக்கும். மெஷ் கண் 6 அங்குலமாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழத்தைப் பிடித்த கை வெளியே வராது. மகன் ஆசைக்கு வீட்டு வாசலில் நாலு செடிக்குப் போட்டுக் கொடுங்கள்.

செடிக்கு ஒரு குச்சி என்பதும் தப்பில்லை. நிற்காமல் வளர்ந்துகொண்டே போகும் ரகத்தை ஒற்றைத் தண்டாக விட்டு வளர்ப்பவர்களுக்கு அது பொருந்தும். உங்கள் ரகம் எது என்று விதைப் பொட்டலத்தில் பாருங்கள். 3, 4 அடியில் நுனி பூங்கொத்தாகி நின்றுவிடும் குத்து ரகமானால் 5 அடிக் கழி போதும். தொடர்ந்து வளர்வதானால் 6, 7 அடி வேண்டும். பிகேஎம் 1 மாதிரியான ரகத்தைக் கோடையில் தரையில் விட்டு எடுப்பவருக்குக் கால் செலவே தண்டம் என்பேன், வைக்கோல் மூடாக்கு போட்டாலே காய் மண்ணில் படாது. உங்களுக்கு மழை முன்னால் நிற்கிறது, அதனால் கட்டத்தான் வேண்டும்.

சவுக்கோ தைலமரமோ மூங்கிலோ, எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். மண்ணுக்குள் போகும் ஒன்றரை அடிக்குத் தார் பூசினால் கரையான் தள்ளிப்போகும். தண்ணீர் விட்ட மறுநாள் கடப்பாரையால் குழி போட்டு இறக்குங்கள். சொட்டுநீர்க் குழாய் ஷீட்டுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். அது எந்தப் பக்கம் போகிறது என்று கையால் தடவிப் பார்த்துவிட்டுக் கடப்பாரையைப் போடச் சொல்லுங்கள். வரிசை முனைக் கால்களுக்கு வெளிப்பக்கம் முளை அடித்துக் கம்பியால் இழுத்துக் கட்டவேண்டும். காய்ப் பாரம் ஏறியதும் முதலில் சாய்வது அந்த முனைக் கால்தான், அதோடு வரிசையே படுத்துவிடும்.

கால் நடுவதை இந்த வாரமே முடியுங்கள். பூத்துக் காய் பிடித்த பிறகு அடித்தால் வேர் அறுபடும். செடி ஒரு அடி வந்ததும் முதல் கட்டு, தரையிலிருந்து 8 அங்குல உயரத்தில். ஒரு முனையில் கயிற்றைக் கட்டி, செடிகளின் ஒரு பக்கமாக ஓட்டி, ஒவ்வொரு காலிலும் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொண்டே போங்கள். மறுமுனையிலிருந்து அடுத்த பக்கமாகத் திரும்புங்கள். செடி இரண்டு கயிற்றுக்கும் நடுவில் நிற்கும், தனித்தனி முடிச்சு வேண்டாம். பிறகு வாரம், பத்து நாளுக்கு ஒருமுறை, 8 அங்குலம் மேலே மேலே அடுத்த கட்டு. ஒரு கட்டுக்கு 3 கிலோமீட்டருக்கு மேல் கயிறு பிடிக்கும், நாலு கட்டுக்குக் கணக்குப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கோட்டை விடுவது இரண்டாம் கட்டில்தான். செடி வெளியே சரிந்த பிறகு தூக்கிக் கட்டினால் தண்டு மளுக்கென்று ஒடியும்.

கிளை விஷயம்: முதல் பூங்கொத்துக்குக் கீழே இலைக் கக்கத்தில் வரும் கிளைகளையும், மண்ணைத் தொடும் இலைகளையும் எடுங்கள். குத்து ரகத்தில் அதற்கு மேல் கை வைத்தால் மகசூலைத்தான் கிள்ளுகிறீர்கள். வெயில் காலத்தில் இலையை மொட்டை அடித்தால் காய்த் தோள் வெந்து வெள்ளையாகிவிடும். பனி ஈரம் காய்ந்த பிறகே செடியைத் தொடுங்கள், ஈர இலையில் கை பட்டால் கருகல் நோய் செடிக்குச் செடி தாவும். புகையிலை, பீடி பழக்கம் உள்ள ஆட்கள் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு வரவேண்டும். தேமல் நச்சுயிரி கை வழியாகவே பரவும்.

கட்டிவிட்டால் மருந்துச் செலவு நிற்காது. ஆனால் தெளிப்பது அடி இலையின் பின்பக்கம் வரை போய்ச் சேரும், வெள்ளை ஈ ஒளிந்திருப்பது அங்கேதான். அதே காலில் அடுத்த போகம் பாகலோ கொடி பீன்ஸோ ஏற்றலாம் என்பதால் கழிச் செலவை ஒரு பயிரின் தலையில் மட்டும் ஏற்றிப் பார்க்காதீர்கள். செடியில் வாடல் நோய் கண்டிருந்தால் கழியைக் கழுவி வெயிலில் காயவைத்த பிறகே மறுபடி நடுங்கள். கடைசிப் பறிப்பு முடிந்ததும் பிளாஸ்டிக் கயிறு முழுவதையும் அறுத்து எடுத்துவிட்டுத்தான் மாட்டை உள்ளே விடவேண்டும். தழையோடு கயிறும் வயிற்றுக்குள் போனால் அசை போடுவது நின்று மாடு படுத்துவிடும்.