கோயிலுக்குள் கைத்துப்பாக்கி எடுத்துப் போகலாமா?

கேள்வி: அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் பக்கம் இருக்கிறோம். என்னிடம் கிரீன் கார்டும் கைத்துப்பாக்கி லைசென்ஸும் இருக்கின்றன. எங்கள் கோயிலில் தடைப் பலகை எதுவும் இல்லை. சட்டைக்குள் மறைத்து எடுத்துப் போகலாமா? எச்1பி விசாவில் (தற்காலிக வேலை விசா) உள்ள நண்பர்களையும் பாதுகாப்புக் குழுவில் சேர்க்க நினைக்கிறோம். சரிதானா?

பதில்: சட்டப்படி போகலாம். 2019 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் வழிபாட்டுத் தலங்களுக்கென்று தனித் தடை இல்லை. கடை, ஓட்டல் போல அதுவும் தனியார் இடம்தான். வேண்டாம் என்றால் நிர்வாகம்தான் சொல்ல வேண்டும். லைசென்ஸ் உள்ளவர் மறைத்து எடுத்து வருவதைத் தடுக்க, டெக்சஸ் குற்றவியல் சட்டத்தின் 30.06 பிரிவில் உள்ள வாசகத்தை ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், ஓர் அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில், கண்ணில் படும்படி வைக்க வேண்டும். பலகையே இல்லாவிட்டாலும் டிரஸ்டி ஒருவர் வாயால் சொன்னால் போதும். சொன்ன பிறகும் வெளியேறாமல் நின்றால் ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம். வெளிமாநிலக் கோயில்களுக்கு இந்த விதி பொருந்தாது. ஜார்ஜியாவிலும் மிச்சிகனிலும் நிர்வாகம் அனுமதித்தால்தான் உண்டு.

எச்1பி நண்பர்கள் விஷயத்தில் மிகவும் கவனம் தேவை. அந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே மத்திய அரசின் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. "சாமி கும்பிட்டு வந்துடறேன், கொஞ்சம் வச்சுக்கோ" என்று அவரிடம் கொடுத்தீர்களானால் இருவருமே மாட்டிக்கொள்வீர்கள். அவருக்கு அமெரிக்க வாழ்க்கையே போய்விடலாம். வாசலில் நிற்பது, பார்க்கிங்கைக் கவனிப்பது, 911 என்ற அவசர உதவி எண்ணை அழைப்பது போன்ற வேலைகளுக்கு அவர்களைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் இடம் கொடுத்தாலும், தனியாளாக நீங்கள் எடுத்துப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். வேட்டி கட்டிக்கொண்டு சாஷ்டாங்கமாக விழுந்து எழும்போது இடுப்பில் உள்ள ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) நழுவும். கழற்றிப் பையில் வைத்து, பையைச் செருப்பு அலமாரிப் பக்கம் விட்டால், பிள்ளைகள் ஓடியாடும் இடம் அது. 17 வயதுக்குக் குறைந்தவர் கைக்கு எட்டும்படி, சுடத் தயாரான துப்பாக்கியைக் கவனக்குறைவாக விட்டுவைப்பதும் டெக்சஸில் குற்றம்.

டெக்சஸின் ஒயிட் செட்டில்மென்ட் என்ற ஊரில் ஒரு சர்ச்சில் 2019 டிசம்பர் 29 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பலர் எடுத்துக்காட்டுவார்கள். சுட வந்தவனைச் சில நொடிகளில் வீழ்த்திய ஜாக் வில்சன் ஏதோ தற்செயலாக அங்கே உட்கார்ந்திருந்த பக்தர் அல்ல. பாதுகாப்புக் குழுவின் தலைவர், துப்பாக்கிப் பயிற்சி கொடுப்பவர். அப்படியிருந்தும் அந்தச் சில நொடிகளுக்குள் இரண்டு உயிர்கள் போய்விட்டன. யாரிடம் துப்பாக்கி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத கூட்டத்தில், ஓடி வரும் போலீஸுக்கு நீங்களும் துப்பாக்கியோடு நிற்கும் ஓர் அந்நியர்தான்.

அதனால் முதலில் கமிட்டியிடம் பேசுங்கள். பலகை வைப்பதா, இன்னார் மட்டும் எடுத்து வரலாம் என்று எழுதி வைப்பதா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். சம்பளமில்லாத வாலண்டியர்களுக்குத் தனிப் பாதுகாவலர் லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் 'செக்யூரிட்டி' என்று எழுதிய சீருடையோ பேட்ஜோ அணியக் கூடாது. கேமரா, கேட், உறுதியான கதவு ஆகியவற்றுக்கு லாப நோக்கற்ற அமைப்புகளுக்கான மத்திய அரசின் பாதுகாப்பு மானியத்துக்குக் கோயில்களும் விண்ணப்பிக்கலாம்.

அப்புறம், கோயிலிலிருந்து நேராகப் பிள்ளையைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப் போவீர்களா? வகுப்பு வாடகைப் பள்ளிக் கட்டடத்தில் நடந்தால், பள்ளியின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் துப்பாக்கியோடு உள்ளே போகாதீர்கள். லைசென்ஸ் இருந்தாலும் அது பெருங்குற்றம்.