கோளத்தின் மேல் சராசரி எடுப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: ஃபிஜி தீவுகளில் ஓடும் படகுகளின் ஜிபிஎஸ் புள்ளிகளுக்குச் சராசரி எடுத்தேன் சார். விடை ஆப்பிரிக்காவுக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் விழுகிறது. ஏன்?

பதில்: 180 பாகை தீர்க்கரேகை ஃபிஜியின் தவேயூனி தீவை வெட்டிக்கொண்டு போகிறது. ஒரு படகு 179-லும் இன்னொன்று −179-லும் நின்றால் சராசரி பூஜ்யம். கணக்கு சரி, படகுகள்தான் பூமியின் மறுபக்கம் போய்விட்டன.

ஒவ்வொரு புள்ளியையும் பூமியின் மையத்திலிருந்து கிளம்பும், நீளம் 1 கொண்ட அம்பாக மாற்றுங்கள். அட்சரேகை அ, தீர்க்கரேகை தீ என்றால் அதன் மூன்று கூறுகள்: கோஸ் அ × கோஸ் தீ, கோஸ் அ × சைன் தீ, சைன் அ. கூறுகளைத் தனித்தனியே கூட்டுங்கள். கிடைக்கும் அம்பு எந்தத் திசையைக் காட்டுகிறதோ அதுதான் நடுவிடம். மூன்று கூட்டுத்தொகைகளை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். புதுப் புள்ளி வர வர சேர்த்துக்கொண்டே போகலாம்.

கேள்வி: எதிர்மறைத் தீர்க்கரேகையோடு 360-ஐக் கூட்டிவிட்டால் போதாதா?

பதில்: ஃபிஜிக்குப் போதும். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஏறத்தாழ வடக்கு 60, கிழக்கு 30. அலாஸ்காவின் ஆங்கரேஜ் வடக்கு 61, மேற்கு 150. நேரடிச் சராசரி எடுத்தால் லாப்ரடார் கடல் வரும், 360 கூட்டினால் சைபீரியா வரும். உண்மையான நடுவிடம் வட துருவத்திலிருந்து அரைப் பாகை தள்ளி இருக்கிறது!

கேள்வி: எக்செல்லில் போட்டேன், கிழக்கும் வடக்கும் இடம் மாறி வருகிறது.

பதில்: கூறுகளிலிருந்து கோணத்தைத் திரும்ப எடுக்கும் சார்பு ஏடேன்2 (ATAN2). எக்செல்லில் அது முதலில் எக்ஸ், பிறகு ஒய் கேட்கும். பைத்தான் நிரல்மொழியில் தலைகீழ். பாகையை ரேடியனாக மாற்றினீர்களா என்றும் பாருங்கள்.

கேள்வி: நான் புவியியல் மாணவி. பாறைகளின் காந்தத் திசைகளுக்கும் இதே முறைதானா?

பதில்: இதேதான். புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1953-இல் ஐஸ்லாந்து எரிமலைப் பாறைகளின் அளவீடுகளை வைத்து இதற்குப் புள்ளியியல் அடித்தளம் போட்டார். எனக்கு இதில் பிடித்தது, அம்பின் நீளத்தை அவர் வீணாக்கவில்லை என்பதுதான். மாதிரிகள் என், கூட்டு அம்பின் நீளம் ஆர் என்றால், (என்−1)/(என்−ஆர்) என்ற எண் திசைகள் எவ்வளவு நெருக்கமாகக் குவிந்திருக்கின்றன என்று சொல்லும். 10 மாதிரிகளுக்கு ஆர் 9.8 வந்தால் விடை 45, நல்ல குவியல். ஒன்று கவனம்: பூமியின் காந்தம் புரண்டிருந்த காலத்துப் பாறைகள் கலந்திருந்தால் முதலில் அவற்றின் திசையைத் திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் ஒன்றை ஒன்று அழித்துவிடும்.

கேள்வி: அம்பின் நீளம் பூஜ்யமே வந்தால்?

பதில்: அப்போது சராசரி என்று ஒன்று இல்லை. இரு துருவங்களுக்கும் நடு எது? நிலநடுக்கோட்டில் எந்த இடத்தைச் சொன்னாலும் சரி. கணினி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு பொடி எண்ணைப் பிடித்துக்கொண்டு தைரியமாக ஓர் இடத்தைக் காட்டும், நம்பாதீர்கள். நீளத்தைப் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்து, மிகச் சிறியதாக இருந்தால் 'விடை இல்லை' என்றே நிரலைச் சொல்லவையுங்கள்.

கேள்வி: எல்லாப் புள்ளிகளுக்கும் உள்ள தரைவழித் தூரங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் மிகக் குறைவாக வரும் புள்ளிதானே சரியான சராசரி என்கிறார்கள்?

பதில்: அது வேறொரு சராசரி. அம்பு முறை பூமியைத் துளைத்துப் போகும் நேர்கோட்டுத் தூரத்தின் வர்க்கங்களைக் குறைக்கிறது. நீங்கள் சொல்வதற்கு நேரடிச் சூத்திரம் கிடையாது, படிப்படியாகத்தான் நெருங்க வேண்டும். அம்பு முறையின் விடையிலிருந்து தொடங்கினால் சீக்கிரம் முடியும். ஒரு நகரத்துக்குள் என்றால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.