கம்பியை விட்டு வராத கண்ணாடி மணி

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "டார்ச் தீயில் உருக்கிய கண்ணாடியைக் கம்பியில் சுற்றி மணி செய்யப் பழகி ஆறு மாதம் ஆகிறது. ஒரு மாலைக்காகச் செய்த மணிகளில் மூன்று, 2.4 மி.மீ. கம்பியிலேயே ஒட்டிக்கொண்டன. ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, கட்டிங் பிளேயரால் இழுத்துப் பார்த்தேன். ஒரு கம்பி வளைந்ததுதான் மிச்சம், மணி அசையவில்லை. கம்பியைச் சூடாக்கினால் கழன்றுவிடும் என்கிறார் நண்பர். செய்யலாமா?"

செய்யாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற தவறுகளைச் சரிசெய்ய வழி உண்டு, இதற்கு இல்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சூட்டில் கண்ணாடியைவிட அதிகமாக விரியும். துளைக்குள் இருக்கும் கம்பி விரிந்தால் மணியை உள்ளிருந்து வெளியே தள்ளும். கண்ணாடியை அமுக்கினால் நன்றாகத் தாங்கும், இழுவிசையைத்தான் அதனால் தாங்க முடியாது. உள்ளிருந்து தள்ளுவது என்பது மணியைச் சுற்றிலும் இழுப்பதற்குச் சமம். விரிசல் துளையில் தொடங்கி வெளிப்புறம்வரை ஓடிவிடும்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் உங்களுக்குச் சாதகமான செய்தி ஒன்று கிடைக்கிறது. நீங்கள் பயன்படுத்துவது 104 வகை மென்கண்ணாடி என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு மீட்டர் நீளமுள்ள அந்தக் கண்ணாடி ஒரு டிகிரி செல்சியஸுக்கு 10.4 மைக்ரான் சுருங்கும். அதே நீள ஸ்டீல் சுமார் 17 மைக்ரான் சுருங்கும். கில்னில், அதாவது சூளையில், 500 டிகிரிக்கு மேல் இருந்து அறை வெப்பத்துக்கு வரும்போது 2.4 மி.மீ. கம்பி சுமார் 0.02 மி.மீ. இளைத்துவிடுகிறது. துளை இளைப்பது ஏறக்குறைய 0.012 மி.மீ.தான். அதாவது கம்பி மணியை விட்டு ஏற்கெனவே கொஞ்சம் விலகிவிட்டது. இப்போது இரண்டையும் பிடித்து வைத்திருப்பது நடுவே இருக்கும் ரிலீஸ் பூச்சு, அதாவது கண்ணாடி ஒட்டாமலிருக்கக் கம்பியில் முன்பே பூசி, சூட்டில் இறுகிப்போன களிமண் மட்டும். உடைய வேண்டியது அதுதான். இழுத்தால் அது சுலபத்தில் உடையாது, திருகினால் உடையும்.

ஆனால் திருகுவதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். மணியின் இரண்டு முனைகளையும் நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். கண்ணாடிக்கும் கம்பிக்கும் நடுவே சாம்பல் நிற வளையம் முழுச்சுற்றும் தெரிகிறதா? தெரிந்தால் வெறும் பூச்சு இறுக்கம், பொறுமையாக இருந்தால் வந்துவிடும். ஓரிடத்தில் வளையம் அறுந்து கண்ணாடி நேரே ஸ்டீலைத் தொட்டால் அது வேறு சங்கதி. ஒளி ஊடுருவும் கண்ணாடியாக இருந்தால் உள்ளேயும் பார்க்கலாம். பூச்சு இருக்கும் இடம் மங்கலாக, சுண்ணாம்பு அடித்த சுவர்போல் தெரியும். கண்ணாடி ஸ்டீலில் ஒட்டிய இடம் ஈரப் பளபளப்போடு தனியாகத் தெரியும். பெரும்பாலான மணிகள் முதல் வகைதான். உங்கள் மூன்றும் அந்த வகையாகவே இருக்கட்டும்.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு நாள் ஊறவைத்தது போதாது. தண்ணீர் மணியின் இரு முனை வழியாக மட்டும்தான் உள்ளே போக முடியும், அதுவும் மில்லிமீட்டரில் சிறு பங்கு தடிமனுள்ள களிமண்ணை நனைத்துக்கொண்டே. குட்டி மணிக்கு ஓர் இரவு போதும். நீளமான மணிக்கு இரண்டு, மூன்று நாள்கூட விடுங்கள். தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு நீர் ஒரு சொட்டு விட்டால் ஈரம் உள்ளே ஏறுவது எளிதாகும். அல்ட்ராசோனிக் கிளீனர் இருந்தால் ஊறிய பிறகு பத்து நிமிடம் போடலாம், ஆனால் மணியில் விரிசல் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் வேண்டாம். கொதிநீர் வேண்டவே வேண்டாம்.

ஊறியதும் கம்பியின் பூச்சில்லாத நீண்ட பக்கத்தை வைஸில் இறுக்குங்கள். வைஸின் வாய்க்கும் மணிக்கும் இடையே நான்கைந்து சென்டிமீட்டருக்கு மேல் விடாதீர்கள், தூரம் கூடினால் கம்பி வளையும். வளைந்த கம்பி துளைக்குள் ஆப்புபோல் சிக்கிக்கொள்ளும். வைஸ் இல்லையென்றால் லாக்கிங் பிளேயர். பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, நனைத்து, மணியைச் சுற்றிப் பிடியுங்கள். மணியை ஒருபோதும் உலோகக் கருவியால் பிடிக்காதீர்கள். அதன் பல் போடும் சின்னக் கீறல் போதும், விரிசல் அங்கிருந்தே கிளம்பும். கண்ணாடியில் இதழ், இறக்கை மாதிரி துருத்தும் பாகங்கள் இருந்தால் அவற்றில் விரல் படாமல், துளையை ஒட்டிய தடித்த உடம்பைப் பிடியுங்கள்.

இனி திருகுங்கள். வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம், அழுத்தத்தை மெல்லக் கூட்டிக்கொண்டே. சட்டென்று வெட்டி இழுக்கும் விசை கூடாது. நன்றாக ஊறியிருந்தால் ஒரு கட்டத்தில் விரலுக்குள் 'கரக்' என்று மெலிதாக ஓர் உணர்வு வரும். நனைந்த மணலை மிதித்ததுபோல் இருக்கும். முதல் தடவை மணிதான் உடைந்துவிட்டதோ என்று பதறிப்போவீர்கள். உடைந்தது களிமண். அந்த இடத்தில்தான் பலரும் அவசரப்பட்டு உருவப் பார்ப்பார்கள். வேண்டாம். மணியைத் திரும்பத் தண்ணீரில் அமிழ்த்தி, அங்கேயே சுற்றுங்கள். துளையிலிருந்து சாம்பல் நிறப் பால் வடியும். அது குறைகிறவரை சுற்றி, அப்புறம் சுற்றிக்கொண்டே கம்பியின் குட்டை முனைப் பக்கமாக நகர்த்துங்கள். அந்த முனையில் பிசிறு இருந்தால் முன்கூட்டியே அரத்தால் தேய்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கடைசி நொடியில் துளையின் விளிம்பு பெயரும்.

கையில் ரப்பர் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். வெறுங்கையோடு இழுத்து, மணி உள்ளங்கையிலேயே இரண்டாகப் பிளந்து எனக்கு ஆழமாக வெட்டியிருக்கிறது, அதனால் சொல்கிறேன். பூச்சைக் காய்ந்த நிலையில் சுரண்டவும் கூடாது. அந்தப் பொடியை நுரையீரலுக்குள் விடக் கூடாது, அதனால் எல்லாமே ஈரத்தில்.

ஃப்ரீசரில் வைக்கும் யோசனை பரவலாகச் சொல்லப்படுகிறது. அறை வெப்பத்திலிருந்து மைனஸ் 18 டிகிரிக்குப் போனால் 2.4 மி.மீ. கம்பிக்கும் துளைக்கும் கூடுதலாகக் கிடைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒழுங்காக அனீல் செய்த, அதாவது கில்னில் மெல்ல ஆறவைத்த, சிறிய மணியாக இருந்தால் முயலலாம், கெடுதல் இல்லை. பெரிய மணிக்கும் அனீல் ஆகாத மணிக்கும் நான் செய்ய மாட்டேன்.

வளைந்துபோன கம்பிக்குத் தனி வைத்தியம். மணியை வளைவு வழியாக இழுக்கவே கூடாது. வளைவு எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கத்தை வெட்டிவிட வேண்டும். வெட்டும் இடத்துக்கும் மணிக்கும் நடுவே கம்பியை வைஸில் பிடித்துக்கொண்டு ரம்பத்தால் அறுங்கள், அப்போது அதிர்வு மணிக்குப் போகாது. வெட்டிய முனையை அரத்தால் உருட்டிவிட்டு மேலே சொன்னபடி ஊறவையுங்கள். ஒரு கம்பி போகட்டும், மணி மிஞ்சும்.

கண்ணாடி ஸ்டீலைத் தொட்டுவிட்ட மணிக்கு நேர்மையான பதில் இதுதான்: திருகலாம், ஆனால் துளைக்குள் ஒரு சில்லு பெயரும் வாய்ப்பு அதிகம். வெளியே தெரியாத சில்லு என்றால் ஈரத்தில் வைரத் துகள் பூசிய ஊசி அரத்தால் மழுக்கிவிட்டுக் கோத்துவிடலாம். ரொம்பப் பிடித்த மணி என்றால் கழற்றாதீர்கள். கம்பியை அளவாக வெட்டி, முனையைத் தேய்த்து, கொண்டை ஊசியாகவோ பூந்தொட்டியில் செருகும் குச்சியாகவோ வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படி வைத்திருக்கும் ஒரு நீல மணியைக் கழற்ற இன்றுவரை மனம் வரவில்லை.

மூன்று மணி ஒரே சமயத்தில் ஒட்டியிருக்கிறது என்பதால் உங்கள் ரிலீஸ் ஜாடியைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். களிமண் அடியில் படிந்துவிடும். மேலே நிற்கும் நீர்த்த பகுதியில் தோய்த்தால் பூச்சு மெலிந்து, சுற்றும்போது கண்ணாடி அதைத் துளைத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு முறையும் அடிவரை கலக்குங்கள். கெட்டியான பெயிண்ட் பதம் வேண்டும். தோய்த்து எடுத்த கம்பியில் ஸ்டீலின் மினுமினுப்பு எங்கும் தெரியக் கூடாது. மணி உட்காரும் இடத்தைத் தாண்டி இரு பக்கமும் இரண்டு சென்டிமீட்டராவது பூச்சு இருக்கட்டும். தோய்க்கும் முன் கம்பியை உப்புத்தாளால் தேய்த்துக் கழுவுங்கள், விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பூச்சு நிற்காது. ஈரம் காயாமல் தீயில் காட்டினால் உள்ளே ஆவி கிளம்பிக் கொப்புளம் வெடித்து உதிரும். சுற்றும்போதே பூச்சு உடைந்து மணி கம்பியில் கடகடவென்று ஆடினால் அந்த மணியைத் தொடராமல் நிறுத்திவிடுங்கள்.

முதலில் மூன்றில் மிகச் சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் 'கரக்' எப்படி இருக்கும் என்று விரலுக்குத் தெரிந்த பிறகு மற்ற இரண்டுக்குப் போங்கள்.